பழைய பைக்கின் டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுக்க எந்த முறை சரி?

புது ஹோஸ், புது வாஷர், புது பிரேக் ஆயில். விரல் கணுக்கள் வலிக்கும் வரை லீவரை இழுத்து, ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடித் திறந்து மூடி அரை லிட்டர் ஆயிலைத் தீர்த்தாயிற்று. குழாயில் ஒரு குமிழிகூட வருவதில்லை. ஆனாலும் லீவர் பஞ்சுபோல அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடுகிறது. பழைய பைக்கைப் பிரித்துச் சேர்த்தவர்களில் இந்த நிலைக்கு வராதவர் அரிது. நானே மூன்று முறை வந்திருக்கிறேன். மூன்று முறையும் கையில் நல்ல கருவிதான் இருந்தது. அதை எடுக்கும் நேரம்தான் தவறிப் போயிருந்தது.

ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. அதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள், அதுதான் சிறந்தது என்று சத்தியமும் செய்வார்கள். அவரவர் வண்டியில், அன்றைய நிலையில், அது சரியாகவே இருந்திருக்கும். எந்த வழி என்று முடிவு செய்யும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். காற்று எங்கே தங்கியிருக்கிறது? லீவர் தள்ளும் பிஸ்டன் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில், ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் சீலுக்கு என்ன வயது?

காற்றின் அளவைக் குறைத்து எண்ணிவிடுகிறோம் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் துளை 14 மி.மீ. என்று வையுங்கள். பிஸ்டன் 10 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் ஆயில் ஏறத்தாழ 1.5 மி.லி.; ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே அரை மில்லி காற்று இருந்தால், லீவரை இழுத்ததும் முதலில் அந்தக் காற்றுதான் சுருங்கும். பிஸ்டனின் 10 மி.மீ. பயணத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. அதிலேயே போய்விடும். பட்டாணி அளவுக் குமிழி இரண்டு மூன்று இருந்தால் போதும், பிரேக் பாதி செத்த மாதிரி.

காற்று மேலே போகத் துடிக்கும். வழக்கமான முறையிலோ நாம் அதைக் கீழே தள்ளி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நிப்பிள் வழியாக வெளியேற்றப் பார்க்கிறோம். ஆயில் வேகமாக ஓடினால் குமிழியும் சேர்ந்து இறங்கும். மெதுவாக ஓடினால் இரண்டு அங்குலம் இறங்கி, லீவரை விட்டதும் அதே இரண்டு அங்குலம் ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பகல் முழுக்க இழுத்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

பழைய பைக்குகளில் அப்படி உட்கார இடம் நிறைய. ஹைட்ராலிக் முன் டிஸ்க் பிரேக்கை 1969-ல் பெரிய அளவில் தயாரான பைக்குக்குக் கொண்டுவந்தது ஹோண்டா சிபி750. அந்தத் தலைமுறை வண்டிகளில் மேலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, முகப்பு விளக்குக்குக் கீழே ஓர் உலோக இணைப்பில் சேரும். அங்கிருந்து இன்னொரு ஹோஸ், பிறகு வளைந்த உலோகக் குழாய், அதற்குப் பிறகுதான் காலிப்பர். சில வண்டிகளில் பிரேக் விளக்குக்கான அழுத்த சுவிட்சும் அந்த இணைப்பிலேயே திருகியிருக்கும். ஒவ்வொரு வளைவின் மேல்முனையும் காற்றுக்கு ஒரு திண்ணை. எல்லாவற்றிலும் பெரிய திண்ணை, மாஸ்டர் சிலிண்டரை விட்டு ஹோஸ் புறப்படும் இடத்தில் அதைப் பிணைக்கும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட். நிப்பிளில் குமிழி வராமல் லீவர் மட்டும் பஞ்சாக இருந்தால் முதலில் அங்கேதான் சந்தேகப்படுவேன்.

கையால் இழுத்து எடுப்பது

எல்லோருக்கும் தெரிந்த வழி. நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவைக்க வேண்டும். லீவரை இழுத்துப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயில் ஓடியதும் மூடிய பிறகே லீவரை விட வேண்டும். இந்த வரிசை ஒரு தடவை பிசகினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள ஆயில் டப்பாவில் மட்டம் பார்ப்பதும் அவசியம். தொலைபேசி ஒலித்ததால் டப்பாவை வற்றவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான்.

செலவு கிடையாது, ஆயிலின் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், லீவர் இறுகுவதைக் கை உணரும். இந்த மூன்றாவதை எந்தக் கருவியும் தராது. ஆனால் பழைய வண்டிக்கென்றே இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக அந்தப் பிஸ்டன் சிலிண்டருக்குள் முதல் சில மில்லிமீட்டர் மட்டுமே போய் வந்திருக்கும். அதற்கப்பால் உள்ள சுவரில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். நிப்பிளைத் திறந்து லீவரை ஹேண்டில்பார் வரை இழுக்கும்போது ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் முதல் தடவையாக ஏறுகிறது. சீலின் உதடு கிழிந்தால் அதோடு முடிந்தது. காலையில் சுமாராகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கை மாலைக்குள் ஒன்றுமில்லாமல் ஆக்கியவர்கள் பலர் இப்படித்தான் ஆக்கினார்கள். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டிவிடுங்கள். பாதி தூரம்தான் இழுபடும், நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

முழுக்கக் காய்ந்த அமைப்பில் இந்த வழி பெரும்பாலும் கைவிடும். உள்ளே வெறும் காற்று இருந்தால் பிஸ்டன் அதையே சுருக்கி விரித்துக்கொண்டிருக்கும், டப்பாவிலிருந்து ஆயிலை இழுக்காது.

வாக்குவம் பம்ப்

கையால் இயக்கும் உறிஞ்சு பம்பை நிப்பிளில் மாட்டினால் ஆயில் சரசரவென்று இறங்குகிறது. பழைய கறுத்த ஆயிலை வெளியேற்ற இதைவிட விரைவான வழி இல்லை. அந்த ஒரு வேலைக்காகவே என் பெட்டியில் ஒன்று இருக்கிறது. ஏர் எடுக்க என்று வரும்போதுதான் இது மனிதனைக் குழப்பும். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. குழாயில் குமிழிகள் ஓயாமல் ஓடிவரும். உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து உறிஞ்சிக்கொண்டே இருப்போம். மரையில் டெஃப்லான் நாடா சுற்றினால், அல்லது நிப்பிளின் அடியைச் சுற்றி கிரீஸ் பூசினால், இது கணிசமாகக் குறையும், முழுவதும் நிற்காது. நாடா சுற்றுவதென்றால் மேல் மரையில் மட்டும் சுற்றுங்கள். நுனிக் கூம்பின் மேல் வந்தால் நிப்பிள் சரியாக அடைக்காது, துணுக்கு உள்ளே போனால் அது வேறு தலைவலி.

இன்னொன்று, பிரேக்கின் சீல்கள் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. உறிஞ்சும்போது விசை எதிர்த்திசையில் வருகிறது. புது சீல் இதைப் பொருட்படுத்தாது. இருபது வருடம் கிடந்து கெட்டிப்பட்ட சீல் ஓரமாகக் காற்றை உள்ளே விடலாம்.

கீழிருந்து மேலே

என் விருப்பம் எது என்று கேட்டால் காய்ந்த அமைப்புக்கு இதுதான். பெரிய சிரிஞ்சில், 50 அல்லது 60 மி.லி. பிடிப்பதில், புது ஆயிலை நிரப்பிக் காலிப்பர் நிப்பிள் வழியாக மேலே தள்ளுவது. காற்று போக விரும்பும் திசையிலேயே அதை அனுப்புகிறோம், சண்டை இல்லை. குழாயை நிப்பிளில் மாட்டும் முன் அதன் நுனி வரை ஆயில் வந்து ஒரு சொட்டு வழிய வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் காற்றை நாமே உள்ளே ஏற்றுகிறோம். பிறகு மெல்ல அழுத்த வேண்டும். முதலில் மேலே ஒன்றும் நடக்காது. திடீரென்று மேல் டப்பாவின் அடியில் உள்ள துளையிலிருந்து பொரி பொரிவது மாதிரி குமிழிகள் கிளம்பும், ஆயில் மட்டம் ஏறும். அதைப் பார்த்த பிறகு பழைய வழிக்குப் போக மனம் வராது.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஆயில் கீழிருந்து டப்பாவுக்குள் நுழையும் வழி, ஊசித் துளையை ஒத்த ஒரு சிறு துவாரம். பழைய வண்டியில் அது படிகம் படிந்து அடைத்திருக்கும். சிரிஞ்ச் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். குழாய் தெறித்து ஆயில் முகத்தில் அடிக்கும், கண்ணாடி இல்லாமல் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது. டப்பாவைத் துடைத்துவிட்டு, கிதாரின் மிக மெல்லிய கம்பியில் ஒரு துண்டு வெட்டி அந்தத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது, காலிப்பரின் அடியில் பல வருடமாகத் தங்கிய சேறு ஆயிலோடு மேலேறி மாஸ்டர் சிலிண்டருக்கு வந்துசேரும். அதனால் காலிப்பரைப் பிரித்துக் கழுவிய வண்டிக்கு மட்டுமே இது ஏற்றது. கடைசியாக, டப்பா நிரம்பி வழிவது. என் டேங்கில் பெருவிரல் அகலத்துக்குப் பெயின்ட் சுருங்கி உரிந்து நிற்கும் இடம், சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டு டப்பாவைப் பார்க்க மறந்த அந்த அரை நிமிடத்தின் நினைவு. இப்போது டேங்க்கைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். கிளைக்கால் (glycol) வகை ஆயில் தண்ணீரில் கரையும், கொட்டிய உடனே ஊற்றிவிட்டால் பெயின்ட் தப்பிக்கும்.

மற்றவை

ஒருவழி நிப்பிள் என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே ஸ்பிரிங்கும் சிறு உருண்டையும் இருக்கும். ஆயிலை வெளியே விடும், காற்றைத் திரும்ப விடாது. தனி ஆளாக வேலை செய்பவருக்கு வசதி, திறந்து மூடும் வேலை மிச்சம். காற்று எங்கே தங்கியிருக்கிறது என்ற சிக்கலை இது தொடவே தொடாது. மரை அளவும் ஒத்துப்போக வேண்டும்: ஜப்பானிய காலிப்பர்கள் பலவற்றில் 8 மி.மீ. மரை, பிரெம்போ வகையில் 10 மி.மீ., பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல அளவு. ஒத்துப்போகாததைத் திணித்து அலுமினியக் காலிப்பரின் மரையைக் கெடுத்தால் பிரேக் ஆயிலுக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு போகும். நான் மாட்டவில்லை.

நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயில் தானாகச் சொட்ட விடுவதும் ஒரு முறை. ஹோஸ் ஒரே சரிவாக இறங்கும் வண்டியில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். வளைந்து நெளிந்த குழாய் என்றால் ஆயில் காற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இரவு முழுக்க லீவரை இழுத்துக் கட்டிவைப்பதைப் பலர் மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். மந்திரமில்லை, ஆனால் பலன் உண்டு. அழுத்தத்தில் குமிழிகள் சிறுத்து, பிடித்திருந்த சுவரை விட்டு விலகி, மெல்ல மெல்ல மாஸ்டர் சிலிண்டர் வரை ஏறுகின்றன. காலையில் கட்டை அவிழ்த்து லீவரை நுனிவிரலால் லேசாகத் தட்டினால், அவை அந்தச் சிறு துவாரம் வழியாக டப்பாவில் பொட்டுப் பொட்டாக வெளியேறும். தட்டுவது முக்கியம், முழுதாக இழுத்தால் துவாரம் மூடிக்கொள்ளும். வேலை தொண்ணூறு விழுக்காடு முடிந்த பிறகு மிச்சத்தைத் தீர்க்க இது நல்லது. முழுக் காற்றையும் கயிறு எடுத்துவிடும் என்று நம்பித் தூங்கப் போனால் காலையில் லீவர் நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கும்.

எந்த ஆயில் என்பதும் முறையை மாற்றும்

பேச்சில் பிரேக் ஆயில் என்கிறோம், உண்மையில் அது எண்ணெயே இல்லை. பெயரை நம்பி என்ஜின் ஆயிலையோ ஷாக் அப்சார்பர் ஆயிலையோ ஊற்றினால் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோன். எண் அடுத்தடுத்து வருவதால் ஒரே குடும்பம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். இரண்டையும் கலக்கக் கூடாது. கொதிநிலையில் டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், நீர் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரி என்பது வரையறை. ஈரம் ஏற ஏற இப்படி இறங்குவதால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.

சிலிக்கோன் பெயின்ட்டைத் தின்னாது, ஈரத்தையும் உறிஞ்சாது. மாதக்கணக்கில் நிற்கும் காட்சி வண்டிக்காரர்களுக்கு அது பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் அது நுண்குமிழிகளை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சிரிஞ்சில் வேகமாக இழுத்தாலே பால் மாதிரி கலங்கிவிடும். சிலிக்கோன் ஊற்றிய வண்டியில் வேகவேகமாக லீவரை அடிப்பதும் வாக்குவம் பம்பும் உதவாது. மெதுவாகச் சொட்டவிடுவதும் இரவுக் கட்டும்தான் ஒத்துவரும். ஹார்லி-டேவிட்சன் நீண்ட காலம் டாட் 5 பயன்படுத்தியது, எனவே அந்த வண்டிகளில் டப்பா மூடியில் பொறித்திருப்பதைப் படிக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். ஓட்டுகிற வண்டி என்றால் என் தேர்வு டாட் 4.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆயிலை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம்: கை, குழாய், மரத்துண்டு. டப்பாவில் உள்ள பழையதை முதலில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அழுக்கை முழு நீளத்துக்கும் பயணம் அனுப்ப வேண்டாம்.

எல்லாம் பிரித்துச் சேர்த்த காய்ந்த அமைப்பு என்றால், முதலில் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் தனியாக ஆயில் பிடிக்க வையுங்கள். ஹோஸைக் கழற்றி, வாய்த்துளையைப் பெருவிரலால் அடைத்து, லீவரை இழுக்கும்போது விரல் இடுக்கில் காற்று தப்ப விட்டு, விடும்போது அடைக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவையில் விரலைத் தள்ளும் விசை மாறுவது தெரியும். காற்று கசிகிறபோது இருந்த மென்மை போய், ஆயில் முட்டுகிறபோது விரல் நிற்க முடியாமல் விலகும். அதன் பிறகு ஹோஸை மாட்டிச் சிரிஞ்சால் கீழிருந்து நிரப்பி, கடைசியில் கையால் ஒரு சுற்று.

நிப்பிளில் குமிழி இல்லை, லீவர் மட்டும் பஞ்சு என்றால் காற்று மேலேதான். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரமாக்கி, பேன்ஜோ போல்ட்டைச் சுற்றித் துணி போர்த்தி, லீவரை லேசாக அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். பல நேரம் அந்த ஒரு சத்தத்தோடு வேலை முடிந்துவிடும். லீவரை விடும் முன் போல்ட்டை இறுக்க வேண்டும்.

பின் பிரேக் என்றால் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் காலிப்பர் தொங்கும் வண்டிகள் சிலவற்றில் நிப்பிள் கீழ்நோக்கி இருக்கும். எந்த முறையும் அங்கே பலிக்காது. காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு பலகைத் துண்டை வைத்து, நிப்பிள் வானம் பார்க்கத் திருப்பிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பிரித்துச் சேர்க்கும்போது இடது, வலது காலிப்பர்களை மாற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

1970களின் பிஎம்டபிள்யூ இரட்டை சிலிண்டர் வண்டிகளில், உதாரணமாக ஆர்90எஸ்-ல், மாஸ்டர் சிலிண்டர் ஹேண்டில்பாரில் இல்லை. டேங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும், லீவரிலிருந்து கேபிள் போய் அதை இழுக்கும். டேங்க்கைக் கழற்றாமல் ஒன்றும் நடக்காது. லீவர் தளர்வாக இருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். இழுபட்ட கேபிளுக்கு ஏர் எடுத்து என்ன பயன்?

ஏர் எடுக்கவே தேவையில்லாத பஞ்சும் உண்டு. சிபி750 வகை காலிப்பரில் ஒரே பக்கம்தான் பிஸ்டன், காலிப்பர் ஓர் அச்சில் ஆடிக்கொடுக்க வேண்டும். அந்த அச்சு துருப்பிடித்து நின்றுவிட்டால் பிஸ்டன் டிஸ்க்கையே வளைத்துத் தள்ளும், லீவரில் அது காற்றைப் போலவே உணரப்படும். ஒருவர் லீவரை இழுக்க, பக்கவாட்டில் டார்ச் அடித்து டிஸ்க் அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதுவதையும் அதே நேரத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லீவர் கல்லாக நிற்கிறது, ஆனால் விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருக்கிறது என்றால் காற்று குற்றவாளி அல்ல, அந்த ஊசித் துவாரம் அடைத்திருக்கிறது. லீவரை ஒரே விசையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது நொடிக்கு நொடி மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால், ஆயில் மாஸ்டர் சிலிண்டரின் சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது. அப்போது சிரிஞ்சையும் குழாயையும் கீழே வைத்துவிட்டு, பிஸ்டனைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்றும் இடுக்கியை எடுங்கள். புது சீல் வந்துசேரும் வரை அந்த வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.